விட்டுக்கொடுப்பது வேறு, விடுவது வேறு: மயிலாப்பூரில் 12 வாரம் யோக சூத்திர வகுப்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது உடம்பை வளைக்கிற வகுப்பு இல்லை. பாய் தேவையில்லை, தளர்ந்த உடையும் தேவையில்லை. சனிக்கிழமைதோறும் காலை 6.30 முதல் 8 மணி வரை, மொத்தம் 12 வாரம், பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஒரு சின்னப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து படிக்கிற வகுப்பு. சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டின் மாடி. பன்னிரண்டு வாரத்துக்கும் சேர்த்து 3,000 ரூபாய். நடத்துகிறவர் எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா. வகுப்பைப் பற்றி எழுதலாமா என்று கேட்டபோது, "தாராளமா எழுதும்மா, என் பேரும் வீட்டு நம்பரும் மட்டும் வேண்டாம்" என்றார். அதனால் இங்கே அவர் வெறும் டீச்சர்தான்.

நான் எதற்காகப் போனேன் என்பதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் இந்த வகுப்பை இவ்வளவு தூக்கிப் பேசுவதன் காரணம் புரியாது. ஒன்பது வருடமாக ஆசனம் செய்துவந்தேன். போன வருடம் கழுத்து எலும்பில் தேய்மானம் என்று மருத்துவர் படத்தைக் காட்டி, இனிமேல் சிரசாசனம் கூடாது, சர்வாங்காசனமும் கூடாது என்று சொன்னார். வலியைவிட அந்த வார்த்தைதான் என்னைப் படுத்தியது. வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் அழுதேன். தலைகீழாக நிற்க முடியவில்லை என்பதற்காக ஒரு நாற்பத்தேழு வயதுப் பெண் ஏன் அழ வேண்டும்? உறவுக்காரர்கள் வந்தால் "இவ தலைகீழா அஞ்சு நிமிஷம் நிப்பா" என்று என் வீட்டுக்காரர் சொல்வார், அந்த அஞ்சு நிமிஷத்தில் நான் யாரோ ஒருத்தியாக இருந்தேன், அது போய்விட்டது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. தோழி ஒருத்தி இந்த வகுப்பைச் சொன்னாள், போனேன்.

முதல் நாள் எல்லோரும் தங்களைப் பற்றிச் சொன்னோம். பதினெட்டுப் பேர். பாதிப் பேருக்கு மேல் எத்தனை வருடம் பயிற்சி, எங்கே கற்றது, என்னென்ன சான்றிதழ் என்றுதான் ஆரம்பித்தார்கள், நானும் அப்படித்தான். டீச்சர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நூலின் மூன்றாவது பாதத்தில், அதாவது மூன்றாவது அத்தியாயத்தில், இருக்கும் ஒரு சூத்திரத்தைச் சொன்னார். 51ஆவது சூத்திரம், சில பதிப்புகளில் ஒரு எண் தள்ளி வரும். யோகத்தில் முன்னேறியவனை உயர்ந்த இடத்தில் இருப்பவர்களே வந்து அழைத்தாலும் அங்கே சங்கமும் கூடாது, ஸ்மயமும் கூடாது, ஏனென்றால் பழைய வேண்டாததெல்லாம் திரும்ப ஒட்டிக்கொள்ளும். சங்கம் என்றால் ஒட்டுதல். ஸ்மயம் என்றால் 'பார், நான் எங்கே வந்துவிட்டேன்' என்று உள்ளே வருகிற அந்தச் சிரிப்பு. அகந்தை வெளியில் எங்கோ இருக்கிறது, யோகம் அதைத் துரத்திவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். யோகத்துக்குள்ளேயே அதற்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறது என்று பதஞ்சலிக்குத் தெரிந்திருக்கிறது. யாரையும் கண்டிக்கிற குரல் இல்லை அது, டீச்சர் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். எனக்குத்தான் காது சூடாகிவிட்டது.

வகுப்பு நடக்கும் விதம் இதுதான். முதல் இருபது நிமிடம் சூத்திரத்தை ராகமாகச் சொல்லிக்கொடுப்பார், அவர் ஒரு முறை, நாம் இரண்டு முறை. 1989இல் நூறு வயதில் இங்கே சென்னையில் மறைந்த யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரின் மரபில் பாடம் கேட்டவர் அவர், அதனால் சொல்லிக் கேட்பதற்கு அவ்வளவு இடம் தருகிறார். அப்புறம் ஒரு சூத்திரத்தைச் சொல்சொல்லாகப் பிரிப்பது, வியாசர் எழுதிய உரையிலிருந்து ஒரு உதாரணம், கடைசி அரை மணி நேரம் கேள்விகள். நூலில் மொத்தம் 196 சூத்திரம், நான்கு பாதம். இவர் எடுப்பது முதல் பாதத்தில் அப்பியாசம் (விடாத பயிற்சி), வைராக்கியம் (பற்று விடுவது) பற்றி வரும் 12 முதல் 16 வரை, இரண்டாவது பாதத்தில் முதல் 17, அவ்வளவுதான். ஆரம்பத்தில் இது ரொம்பக் குறைவாகத் தோன்றியது. முடியும்போது நேரம் போதவில்லை.

வகுப்பின் முதுகெலும்பு ஐந்து கிலேசங்கள். அவித்யை, அஸ்மிதை, ராகம் என்கிற விருப்பு, துவேஷம் என்கிற வெறுப்பு, அபிநிவேசம். நம்மை வாட்டுகிற ஐந்து. நாம் பேச்சில் அகங்காரம் அகங்காரம் என்கிறோமே, அந்தச் சொல்லே சூத்திரங்களில் வராது. பதஞ்சலி சொல்வது அஸ்மிதை, 'நான்-தன்மை' என்று வைத்துக்கொள்ளலாம். திமிர், கர்வம் என்பதைவிட இது ரொம்ப அடியில் கிடக்கிறது. பார்க்கிறவனும் பார்க்க உதவுகிற கருவியும் ஒன்றே போலத் தோன்றுவது, அவ்வளவுதான் வரையறை. அந்தச் சூத்திரத்தில் 'இவ' என்று ஒரு சின்னச் சொல் இருக்கிறது, 'போல' என்று அர்த்தம். அந்த ஒரு 'போல'வுக்காக டீச்சர் முழு வகுப்பையும் எடுத்துக்கொண்டார். ஒன்றாகிவிட்டது என்று சொல்லவில்லை, ஒன்றானது போல இருக்கிறது என்கிறார். மூக்குக்கண்ணாடியில் கீறல் விழுந்தால் கண்ணே போய்விட்டது என்று அலறுகிறவர் மாதிரி. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால்தானே கீறல் எதில் என்று தெரியும். என் கழுத்து எலும்பும் ஐந்து நிமிடச் சிரசாசனமும் எனக்கு அங்கேதான் வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தன. தேய்ந்தது எலும்பு. அழுதது 'நான்'.

வடமொழி தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம், டீச்சர் எல்லாவற்றையும் தமிழுக்குக் கொண்டுவந்துவிடுகிறார். அஸ்மிதை நடந்த அடுத்த வாரம் குறளை எடுத்தார், துறவு அதிகாரத்தில் 346. யான் எனது என்னும் செருக்கு. அதற்குப் பரிமேலழகர் சொல்லும் விளக்கத்தைப் பலகையில் எழுதிப்போட்டார்: தான் அல்லாத உடம்பை யான் என்பது, தன்னோடு சம்பந்தமில்லாத பொருளை எனது என்பது, இந்த மயக்கம்தான் செருக்கு. இதே விஷயம்தான் இரண்டாம் பாதத்தின் ஐந்தாவது சூத்திரத்தில் அவித்யை என்று வருகிறது, நிலையில்லாததை நிலையானது என்றும் தான் அல்லாததைத் தான் என்றும் எடுத்துக்கொள்வது. பள்ளிக்கூடத்தில் ஐந்து மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த குறள், முப்பது வருடம் கழித்து அன்றைக்குத்தான் அர்த்தமானது.

அன்றைக்கே ஒரு வேலையும் கொடுத்தார். ஒரு வாரம் சின்னக் குறிப்புப் புத்தகம் ஒன்று கூடவே இருக்க வேண்டும். 'என்', 'என்னோட' என்று வாயால் சொல்லும்போதெல்லாம் அடுத்து வந்த சொல்லை எழுத வேண்டும். மாற்றிக்கொள்ள முயற்சி செய்யக் கூடாது, எழுதினால் போதும். வேளச்சேரியில் ரயில் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டது, என் ஜன்னல் சீட். அலுவலகத்தில் என் பேனா, என் ஃபைல், என் டம்ளர். மதியத்துக்குள் 23 எழுதிவிட்டேன். என் தலைவலி என்றுகூட ஒன்று இருந்தது, அதை எழுதும்போது கை கொஞ்ச நேரம் நின்றுவிட்டது. தலைவலியைக்கூட யாருக்கும் கொடுக்க மாட்டேன் போலிருக்கிறது. எந்தப் பிரசங்கத்தைவிடவும் அந்த ஒரு வாரப் புத்தகம் எனக்கு அதிகமாகச் சொல்லிக்கொடுத்தது. இப்போதும் கைப்பையில் இருக்கிறது.

ராகம், துவேஷம் இரண்டையும் ஒரே நாளில் எடுத்தார். சுகத்தின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருவது ராகம், துக்கத்தின் பின்னாலேயே வருவது துவேஷம். அதாவது நாம் பிடித்துக்கொண்டிருப்பது பொருளை இல்லை, என்றோ அதில் கிடைத்த சுகத்தின் நினைவை. இங்கே நான் என் ஈயச்சொம்புக் கதையைச் சொல்லியாக வேண்டும். அம்மா ரசம் வைக்கிற ஈயச்சொம்பு, கும்பகோணத்தில் வாங்கியது, பாட்டி கொடுத்தது. அடுப்பில் அது ஏறினால் தெருமுனைக்கே வாசம் வரும். அம்மா போனதும் பாத்திரங்களைப் பிரித்தபோது அது அண்ணி வீட்டுக்குப் போய்விட்டது. நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரிய மனசு, விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அதை நம்பினேன். ஆனால் நான்கு வருடமாக அண்ணன் வீட்டுக்குப் போனாலே எனக்கு முகம் சுண்டிவிடும், காரணம் கேட்டால் களைப்பு என்பேன். ஒரே சொம்பில் ராகமும் இருந்தது, துவேஷமும் இருந்தது, அம்மாவின் வாசம் ஒரு பக்கம், அண்ணியின் கை ஒரு பக்கம்.

அன்றைக்கு வகுப்பில் இதைச் சொல்லவில்லை, ஆனால் வேறு ஒன்றைக் கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். "டீச்சர், பற்றை விடு, அகந்தையை விடுன்னு இவ்வளவு சொல்றீங்களே, வீட்டுல பொண்ணுங்ககிட்டதான் சின்ன வயசுலேருந்து எல்லாரும் இதையே சொல்றாங்க. சொத்தை விட்டுக்கொடு, படிப்பை விட்டுக்கொடு, வேலையை விட்டுக்கொடு. யோகமும் அதைத்தான் சொல்லுதா?" அறை அமைதியாகிவிட்டது. பின்வரிசையில் இரண்டு பெண்கள் தலையாட்டியதைப் பார்த்தேன். உள்ளதைச் சொல்ல வேண்டும், அன்றைக்கு டீச்சர் தந்த பதில் எனக்குப் போதவில்லை. மனசுதான் முக்கியம் என்கிற மாதிரி ஏதோ சொன்னார், நேரமும் முடிந்துவிட்டது. வருத்தத்தோடுதான் படி இறங்கினேன், அடுத்த வாரம் வராமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

ஆனால் அவர் மறக்கவில்லை. இந்த வகுப்பில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். அடுத்த சனிக்கிழமை வந்ததும் வராததுமாக, "போன வாரம் இந்தம்மா கேட்டதுக்கு நான் சரியா பதில் சொல்லலை, ராத்திரி பூரா யோசிச்சேன்" என்று ஆரம்பித்தார். பலகையில் இரண்டு சொல் எழுதினார். விட்டுக்கொடுத்தல். விடுதல். விட்டுக்கொடுப்பதற்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும், பொருள் இவர் கையிலிருந்து அவர் கைக்குப் போகும், ஆசை மட்டும் இவரிடமே தங்கிவிடலாம். பதஞ்சலி வைராக்கியத்தை வரையறுக்கும்போது எடுத்துக்கொள்ளும் சொல் 'விதிருஷ்ணை', தாகம் இல்லாமை. பொருள் யார் கையில் இருக்கிறது என்று அங்கே பேச்சே இல்லை. உரிமையைக் கேட்டு வாங்கிய பிறகும் தாகம் இல்லாமல் இருக்கலாம், எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுத் தாகத்திலேயே சாகலாம். "அடுத்தவங்க உன்கிட்ட விடுன்னு சொன்னா, அது யோகம் இல்லை, அது அவங்க வசதி. உன் பங்கைக் கேக்கறதுன்னா நிமிர்ந்து உக்காந்து கேளு. விடறது உனக்கும் உன் தாகத்துக்கும் நடுவுல நடக்கற விஷயம், அதுல மூணாவது ஆள் கிடையாது." இதை நான் வகுப்பிலேயே எழுதிக்கொண்டேன். இந்தப் பேச்சை எல்லாக் கல்யாண மண்டபத்திலும் ஒலிபெருக்கி வைத்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அந்தத் தாகம் எப்படிக் குறையும் என்பதற்கும் வழி சொல்லிக்கொடுக்கிறார், சும்மா விடு விடு என்று சொல்லிவிட்டு நிறுத்துவதில்லை. மனசை இரண்டு பக்கமும் ஓடும் ஆறு என்கிறது வியாசரின் உரை. பொருள்கள் பக்கம் போகிற ஓட்டத்துக்கு வைராக்கியத்தால் அணை கட்ட வேண்டும், விவேகத்தின் பக்கம் போகிற ஓட்டத்தை அப்பியாசத்தால் திறந்துவிட வேண்டும். அணை மட்டும் கட்டினால் தேங்கி நாறும், திறந்து மட்டும் விட்டால் தண்ணீரே வராது. துணி துவைக்கிற உதாரணம் இன்னும் பிடித்தது: மேலோட்டமான அழுக்கை உதறினாலே போய்விடும், இழைக்குள் இறங்கியதை மெனக்கெட்டுத்தான் எடுக்க வேண்டும். வைராக்கியத்திலும் நாலு படி உண்டு என்று, வியாசர் உரைக்கே உரை எழுதிய வாசஸ்பதி மிஸ்ரரிடமிருந்து எடுத்துச் சொன்னார். முயற்சி எடுப்பது முதல் படி. எது அடங்கியது, எது அடங்கவில்லை என்று கணக்குப் பார்ப்பது இரண்டாவது. புலன்கள் ஓய்ந்தும் மனசில் மட்டும் ஒரு ஏக்கமாகத் தங்குவது மூன்றாவது. அதுவும் அடங்கி வசமாவது நான்காவது. இரண்டாவது படிதான் எனக்கு ரொம்ப ஆறுதலாக இருந்தது, எல்லாம் போனால்தான் கணக்கு என்று இல்லை, எது போகவில்லை என்று நேர்மையாகத் தெரிந்துகொள்வதே ஒரு படி. கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவளுக்கு இது நன்றாகவே புரியும்.

அபிநிவேசம், அதாவது உயிர்மேல் உள்ள பிடிப்பு, ஒரே ஒரு வகுப்புதான் வந்தது. கற்றவனுக்கும் அது உண்டு என்று சூத்திரத்திலேயே இருக்கிறது. பிறந்த மாத்திரத்தில் ஒரு புழுவுக்குக்கூட அந்தப் பயம் இருக்கிறது என்கிறார் வியாசர். "கற்றவனுக்கும்" என்று படித்துவிட்டு டீச்சர் புத்தகத்தை மூடி, போன வருடம் மூட்டு அறுவைக்கு முந்தின இரவு தனக்கு எவ்வளவு பயமாக இருந்தது, நாற்பது வருடம் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றும் அந்த ராத்திரி ஞாபகத்துக்கு வரவில்லை என்று சொன்னார். யாரும் கேள்வி கேட்கவில்லை.

சொம்புக் கதையின் மிச்சம். ஒன்பதாவது வாரம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன். நிமிர்ந்து உட்கார்ந்து, அண்ணி, அம்மாவோட ஈயச்சொம்பு எனக்கு வேணும்னு அன்னிக்கே ஆசைப்பட்டேன், கேக்காம இருந்தது என் தப்பு, இப்ப கேக்கறேன் என்றேன். அண்ணி கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் சொன்னார், அது உருகிப்போய் இரண்டு வருடம் ஆகிறது. ஈயம் சூடு தாங்காது, உள்ளே தண்ணீர் இல்லாமல் அடுப்பில் வைத்தால் அவ்வளவுதான். போன் வந்ததில் மறந்து வெறும் சொம்பை ஏற்றிவிட்டார், திரும்பி வந்தபோது பர்னரில் வெள்ளியாக வழிந்து கிடந்ததாம். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன் என்று அவர் அழுதார். நான் அப்போதே பக்குவமாக நடந்துகொண்டேன் என்று சொன்னால் அது பொய். மூன்று நாள் எனக்குச் சரியான கோபம், பாட்டி கொடுத்ததை இப்படி உருக்கிவிட்டாரே என்று. நாலாவது நாள் குறிப்புப் புத்தகத்தில் 'என் சொம்பு' என்று எழுதப் போனபோதுதான் உறைத்தது, இரண்டு வருடமாக இல்லாத ஒரு பாத்திரத்துக்காக நான் அண்ணியிடம் சரியாகப் பேசாமல் இருந்திருக்கிறேன். பொருள் போய் இரண்டு வருடம் ஆன பிறகும் தாகம் மட்டும் அப்படியே இருந்தது. டீச்சர் பலகையில் எழுதிய இரண்டு சொல்லும் அன்றைக்கு என் சமையலறையில் நின்றன. இப்போது அண்ணியோடு நன்றாகப் பேசுகிறேன். அம்மா ரசத்தை நினைத்தால் இன்னும் தொண்டை அடைக்கிறது, மூன்றாவது படி என்று வைத்துக்கொள்கிறேன்.

குறைகளும் உண்டு. முதல் மூன்று வாரம் ரொம்ப வறட்சி, சொற்களைப் பிரிப்பதிலேயே போகிறது, ஐந்து பேர் அதோடு நின்றுவிட்டார்கள், ஐந்தாவது வாரம் வரை இருந்திருந்தால் போயிருக்க மாட்டார்கள் என்று எனக்கு இன்னும் வருத்தம். கொடுக்கிற பாடக் குறிப்பு நகலுக்கு நகல் எடுத்து மங்கிப்போனது, தமிழ் எழுத்தில் பெரிதாக அச்சடித்துத் தந்தால் வயதானவர்களுக்கு உதவும், நானே தட்டச்சு செய்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஒலிப்பதிவு செய்ய அனுமதி இல்லை. ஒரு வாரம் தவறவிட்டால் யாரிடமாவது நோட்டை வாங்கித்தான் எழுத வேண்டும். கேள்வி நேரத்தில் ஒன்றிரண்டு பேர் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்வதற்கே நேரத்தை எடுத்துக்கொள்கிறார்கள், டீச்சர் அவர்களைச் சீக்கிரம் நிறுத்தலாம். மாடிப்படி செங்குத்து, முட்டி வலி இருப்பவர்களுக்குக் கஷ்டம். வண்டி நிறுத்தவும் இடமில்லை, திருமயிலை ரயில் நிலையத்தில் இறங்கி நடந்து வருவது நல்லது.

இதற்கு முன்னால் கடற்கரைச் சாலையில் ஒரு இடத்தில் இரண்டு நாள் முகாமுக்குப் போயிருக்கிறேன், இதைப்போல மூன்று மடங்கு பணம், அகந்தையைக் காகிதத்தில் எழுதி நெருப்பில் போடச் சொன்னார்கள். போட்டேன். திங்கட்கிழமை அலுவலகத்தில் அது எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. இந்த மாடியில் அப்படி எதையும் எரிக்கச் சொல்லவில்லை, பார்க்கத்தான் சொல்கிறார்கள். உடனே மனசு லேசாக வேண்டும் என்று வருகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். சமீபத்தில் யாரையாவது இழந்தவர்கள் கொஞ்ச நாள் கழித்து வருவது நல்லது, பற்று பற்றி இவ்வளவு பேசுவதைப் புதுத் துக்கம் தாங்காது, டீச்சரே ஒரு அம்மாவிடம் அப்படிச் சொல்லி, அடுத்த முறை வாங்க என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்ததைப் பார்த்தேன். பல வருடம் ஆசனம் செய்தவர்கள், குறிப்பாக அதில் கொஞ்சம் பெயர் எடுத்தவர்கள், கட்டாயம் போங்கள்.

அடுத்த சுற்று பொங்கல் கழித்து ஆரம்பம், இருபது பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. நான் மறுபடியும் முதலிலிருந்து உட்காரப் போகிறேன், பெயர் கொடுத்துவிட்டேன். தை மாதம் அந்த நேரத்துக்கு இருட்டாக இருக்கும், செருப்பு விடுகிற இடத்தில் விளக்கு கிடையாது, படியேறும்போது வலது பக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள், இடது பக்கம் ஆடுகிறது.